படபடப்பு இல்லை, ஆனாலும் மாத்திரை வேண்டும்

சர்க்கரை மாத்திரை எழுதி வாங்கத்தான் அந்த அம்மா ஓபிக்கு வந்தார். வயது 68, பிபியும் உண்டு. வழக்கம்போல மணிக்கட்டைப் பிடித்தேன். இரண்டு துடிப்புகள் அடுத்தடுத்து ஓடிவந்தன, பிறகு ஒரு இடைவெளி, அப்புறம் மெலிதாக ஒன்று, பலமாக ஒன்று. எந்தக் கணக்குக்கும் அடங்கவில்லை. ஈசிஜி எடுத்தோம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்.

"எனக்குப் படபடப்பே இல்லையே டாக்டர். நேத்துகூட ரெண்டு குடம் தண்ணி தூக்கினேன்."

உண்மைதான். இந்தக் கோளாறில் பலருக்கு எதுவுமே தெரியாது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும், அதனால் ரத்தம் தேங்கும். இடது மேலறையின் ஓரத்தில் சின்னப் பை போல ஒரு மூலை இருக்கிறது. ரத்தக்கட்டி பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறது. அது கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். மற்றவர்களைவிட இவர்களுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு. படபடப்பு இல்லை என்பதால் அது குறைந்துவிடாது.

துடிப்பின் வேகத்தை அடக்குவது பெரும்பாலும் சுலபம். மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரையிலேயே பலருக்கு வேகம் கட்டுக்குள் வந்துவிடும். தைராய்டும், இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைத் தொடர வைப்பதுதான் பெரும்பாடு.

வயது, பிபி, சர்க்கரை, இதயப் பலவீனம், முன்பு வந்த பக்கவாதம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுத்தான் அந்த மாத்திரையை முடிவு செய்கிறோம். "ஆஸ்பிரின் மட்டும் போட்டுக்கட்டுமா?" என்று கேட்காதவர் குறைவு. இந்தக் கட்டியைத் தடுக்க ஆஸ்பிரின் போதாது. ஆனால் ரத்தக்கசிவு அதிலும் வரும்.

சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் நம் ஊரில் இன்னும் வருகிறார்கள். அவர்களுக்கு, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் பழைய வகை மாத்திரைகளான வார்ஃபரின் அல்லது அசிட்ரோம்தான். 2022-ல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வில், ருமாட்டிக் இதய நோயாளிகளிடையே, புதிய மாத்திரையான ரிவராக்ஸபான் எடுத்தவர்களைவிட இந்தப் பழைய வகை எடுத்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. இவற்றை எடுப்பவர்களுக்கு, ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற எண் பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவே நிற்க வேண்டும்.

கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையே தொடக்கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு பெரியவர் மூன்று வருடம் முருங்கைக்கீரை சாப்பிடாமல் இருந்தார். மகள் வீட்டுக்குப் போன மாதம் தினமும் கீரை. ஐஎன்ஆர் 1.3-க்கு இறங்கிவிட்டது. கீரையை விட வேண்டாம், வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள், அதற்கேற்ப மாத்திரை அளவை நாங்கள் சரிசெய்துகொள்கிறோம் என்றேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

மனசு அடித்துக்கொள்வது இன்னொருவரை நினைத்துத்தான். பல் பிடுங்குவதற்காக மாத்திரையை நிறுத்தினார். பல் பிடுங்கியாகிவிட்டது. மறுபடி எப்போது தொடங்குவது என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் பேச்சுக் குழறி, வலது கை தூக்க முடியாமல் வந்தார். சாதாரணமாக ஒரு பல் பிடுங்க, பெரும்பாலும் இந்த மாத்திரையை நிறுத்தவே தேவையில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஓபி நோட்டின் முதல் பக்கத்திலும் சிவப்பு மையில் எழுதுகிறேன்: "என்னைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்." மூட்டுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கும் முன்பும் கேளுங்கள் என்று கீழே ஒரு வரி. இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம்.

குடம் தூக்கிய அம்மாவுக்கு வால்வு நன்றாக இருந்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்த்துவிட்டு, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் புதிய வகை மாத்திரையான அபிக்ஸபானை தினம் இரண்டு வேளை கொடுத்தோம். அடுத்த மாதம் வந்தபோது அட்டைகளைக் கேட்டு வாங்கி எண்ணினேன். பாதிக்குப் பாதி மீதி.

"ராத்திரி எட்டு மணிக்கே தூங்கிடறேன் டாக்டர், மறந்துபோகுது."

பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்பதால் ஒரு வேளை விட்டாலும் பாதுகாப்பு குறையும் என்று சொன்னேன். காலை ஏழு, இரவு ஏழு என்று மாற்றினோம். இட்லி தட்டில் வைக்கும்போதே மாத்திரையையும் வைத்துவிடுகிறேன் என்றாள், கூட வந்திருந்த பேத்தி.