மேல வெதுவெதுப்பு, கீழ ஐஸ்: ஒரு ஏரிக்குள்ள ரெண்டு ஏரி

கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல இருக்குற அல்காங்குவின் பார்க்குக்கு ஆகஸ்ட்ல போயிருந்தோம், நாலு மணி நேரம் கேனூல (ஒடுக்கமான சின்னத் துடுப்புப் படகு) துடுப்பு போட்டு, நடுவுல ரெண்டு இடத்துல கேனூவ தலைல கவுத்துத் தூக்கிட்டு காட்டு வழியா நடந்து (இத அங்க போர்டேஜ்னு சொல்லுவாங்க, மஞ்சள் கலர் போர்டு வெச்சிருப்பாங்க), ஒரு வழியா சைட்டுக்குப் போய் டென்ட்ட கூட பிரிக்காம நேரா தண்ணிக்குள்ள இறங்கிட்டேன். கழுத்து வரைக்கும் வெதுவெதுன்னு சொகமா இருந்துச்சு. கால மட்டும் கொஞ்சம் நேரா கீழ நீட்டினேன், பாதத்துல யாரோ ஐஸ் கட்டிய வெச்சு அமுக்கின மாதிரி சுரீர்னுச்சு. கழுத்துக்கும் காலுக்கும் அஞ்சடி தான் தூரம், ஆனா ரெண்டும் வேற வேற ஏரில இருக்குற மாதிரி இருந்துச்சு.

அது வெறும் உணர்வு இல்ல, உண்மையிலேயே அங்க ரெண்டு ஏரி ஒன்னு மேல ஒன்னா படுத்திருக்கு. அந்த மூணு நாள் நான் பார்த்தது, கேட்டது, ராத்திரி நடுங்குனது எல்லாத்துக்கும், தண்ணியோ காத்தோ, கனமானது கீழ தங்கும் லேசானது மேல நிக்கும்ங்குற இந்த ஒரே விஷயம் தான் காரணம்னு பின்னாடி படிச்சப்போ தான் புரிஞ்சுது, அத சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல இடத்தப் பத்தி கொஞ்சம். அல்காங்குவின் 1893ல ஆரம்பிச்சது, ஒன்டாரியோவோட முதல் மாகாணப் பூங்கா, பரப்பளவு 7,600 சதுர கிலோமீட்டருக்கும் மேல. டொராண்டோல இருந்து காலைல கிளம்பினா மதியத்துக்குள்ள போயிடலாம், அதனால டொராண்டோ தமிழ்க் குடும்பங்களையும் ஹைவே 60 ஓரமா இருக்குற கேம்ப்கிரவுண்ட்ல சம்மர்ல நிறையப் பார்க்கலாம். ஆனா பார்க்கோட பெரும்பகுதிக்கு ரோடே கிடையாது, கேனூ இல்லன்னா நடை தான். ஆயிரத்துக்கும் மேல ஏரிங்க. பெரும்பாலும் பனியுகத்துல பனிப்பாறை பாறைய சுரண்டித் தோண்டி விட்டுட்டுப் போன பள்ளங்கள்.

இங்க ஒரு விஷயம் கவனிக்கணும். நம்ம ஊர்ல ஏரின்னா கரை கட்டி, மதகு வெச்சு, பாசனத்துக்கு தண்ணி தேக்குற இடம், பெரும்பாலும் ரெண்டு ஆள் மூணு ஆள் ஆழம் இருந்தாலே அதிகம். அதுல ஒரு நல்ல காத்து அடிச்சா அடி வரைக்கும் கலங்கிடும். இந்த ஏரிங்க அப்படி இல்ல, பெரிய ஏரிங்கள்ல நூறு அடிக்கு மேல ஆழம் போகும், அத காத்தால கலக்க முடியாது. அங்க தான் கதையே ஆரம்பிக்குது.

ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் வாக்குல ஐஸ் உருகி முடிஞ்ச உடனே ஏரி மேல இருந்து அடி வரைக்கும் கிட்டத்தட்ட ஒரே குளிர்ல இருக்கும், சுமார் 4 டிகிரி. இந்த 4 டிகிரிங்குறது சும்மா ஒரு நம்பர் இல்ல, தண்ணி அந்த வெப்பத்துல தான் ரொம்ப கனமா இருக்கும். மத்த பொருள் பெரும்பாலும் குளிரக் குளிர சுருங்கி கனமாகிட்டே போகும், தண்ணி மட்டும் 4 டிகிரி வரைக்கும் சுருங்கிட்டு அப்புறம் திரும்ப விரிய ஆரம்பிச்சுடும். அதனால அந்த வெயில் காலத் தொடக்கத்துல வெயில் மேல் தண்ணிய சூடாக்கும்போது அது லேசாகி மேலயே மிதக்குது. ஆரம்பத்துல வித்தியாசம் கம்மி, காத்து வந்து கலக்கி விட்டுடும். ஆனா இங்க ஒரு சூட்சுமம் இருக்கு: 4 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் நடுவுல எடை வித்தியாசம் ரொம்ப ரொம்பக் கம்மி, அதே 24க்கும் 25க்கும் நடுவுல பார்த்தா அதப்போல சுமார் 30 மடங்கு. அதாவது மேல் தண்ணி சூடாகச் சூடாக ஒவ்வொரு டிகிரியும் முன்ன விட அதிகமா அத கீழ் தண்ணில இருந்து பிரிச்சு வெக்குது, ஒரு கட்டத்துக்கு மேல காத்து எவ்ளோ முட்டினாலும் கலக்க முடியாது. நன்னாரி சர்பத்ல சிரப்ப ஊத்தி மேல மெதுவா தண்ணி விட்டா சிரப் அடியிலயே நிக்கும்ல, கரண்டி போட்டாத் தான் கலக்கும். இங்க காத்து தான் கரண்டி, ஆனா கரண்டி குட்டை, டம்ளர் ஆழம்.

ஜூலை வந்தா மேல சில மீட்டருக்கு 20 டிகிரிக்கு மேல, அடியில இன்னும் மே மாசத்துக் குளிர், நடுவுல கொஞ்ச ஆழத்துக்குள்ளயே வெப்பம் மளமளன்னு இறங்குற ஒரு பட்டை. இந்தப் பட்டைக்குப் பேரு தெர்மோக்ளைன். பெரிய ஏரில அலை பெருசா எழும்பும், அதனால பட்டை ஆழமா இருக்கும், காடு சூழ்ந்த சின்ன ஏரில மேலயே இருக்கும். என் காலுக்கு அஞ்சடிலயே குளிர் பட்டதுக்கு இன்னும் ரெண்டு காரணம் இருக்கு, ஒன்னு அன்னைக்கு காத்தே இல்ல, அதனால அன்னன்னிக்கு வெயில்ல சூடான தண்ணி மேல மெல்லிசா ஒரு போர்வை மாதிரி நின்னுச்சு, இன்னொன்னு அந்த ஏரித் தண்ணியோட கலர். சதுப்பு நிலத்துல ஊறின இலை தழைச் சாறு கலந்து கட்டன் டீ கலர்ல இருந்துச்சு, அந்தக் கலர் வெயில மேலயே உறிஞ்சிடும், கீழ போக விடாது. பார்க்க அழுக்கு மாதிரி இருக்கேன்னு முதல்ல தயங்கினேன், அழுக்கு இல்ல அது.

இப்போ ராத்திரிக்கு வருவோம்.

இருட்டின கொஞ்ச நேரத்துல லூன் கூப்பிட ஆரம்பிச்சுது. லூன்னா தண்ணில முங்கி மீன் பிடிக்குற கறுப்பு வெள்ளைப் பறவை, செவப்புக் கண்ணு, 1987ல இருந்து கனடாவோட ஒரு டாலர் காசுல இருக்குறது இது தான், அதனால தான் அந்தக் காசுக்கே லூனின்னு பேரு. அதோட நீட்டுக் கூப்பாடு ஓநாய் ஊளை மாதிரியும் இருக்கும், யாரோ தூரத்துல யாரயோ தேடுற மாதிரியும் இருக்கும். நான் எழுந்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன், பக்கத்துலயே இருக்கும்னு நெனச்சு. இல்லவே இல்ல. எதிர்க்கரைல இருந்து இன்னொன்னு பதில் குடுத்துச்சு, அதுவும் பக்கத்துல மாதிரியே. பகல்ல அதே எதிர்க்கரைல ஒரு குடும்பம் கத்திப் பேசினது கேட்கவே இல்ல, ராத்திரி அவங்க ஸ்பூன் தட்டுல படுற சத்தம் கூடக் கேட்டுச்சு.

காரணம் காத்தோட வெப்பம். 20 டிகிரி காத்துல சத்தம் நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும், ஒரு டிகிரி கூடினா சுமார் 0.6 மீட்டர் வேகம் கூடும். பகல்ல வெயில்ல காஞ்ச தரைக்கு மேல இருக்குற காத்து சூடு, மேல போகப் போகக் குளிர். அப்போ சத்தம் மேல் பக்கமா வளைஞ்சு நம்ம தலைக்கு மேல போயிடும். சாயங்காலம் ஆச்சுன்னா சுத்தி இருக்குற மலைச்சரிவு சீக்கிரம் குளிர்ந்துடும், குளிர்ந்த காத்து கனமானது, அது தண்ணி மாதிரியே சரிவுல வழிஞ்சு வந்து ஏரிப் பள்ளத்துல தேங்கும், அதுக்கு மேல கொஞ்சம் சூடான காத்து நிக்கும். இப்போ சத்தம் மேல வேகமாவும் கீழ மெதுவாவும் போகுது. மாட்டு வண்டியோட ஒரு பக்கச் சக்கரம் மணல்ல சிக்கினா வண்டி அந்தப் பக்கமே திரும்பும் பாருங்க, அதே மாதிரி சத்தமும் மெதுவா போற பக்கம், அதாவது கீழ, வளையும். கீழ வந்தா தண்ணி. காத்து நின்ன ராத்திரில ஏரி கண்ணாடி மாதிரி, சத்தத்த உறிஞ்சாம திருப்பி அனுப்பும், திரும்ப மேல போனது திரும்ப வளைஞ்சு வரும். இப்படித் தத்தித் தத்தி எதிர்க்கரை வரைக்கும் வந்துடும். லூனும் பெரும்பாலும் இருட்டுலயும் விடியக்காலைலயும் தான் கூப்பிடுது. அந்த நேரத்துல குரல் இவ்ளோ தூரம் போகுறது அதுக்கு எவ்ளோ பெரிய வசதின்னு யோசிச்சப்போ எனக்கு சிலிர்த்துடுச்சு. (தயவு செஞ்சு ராத்திரி ஏரிக் கரைல புளூடூத் ஸ்பீக்கர் போடாதீங்க. உங்களுக்கு சின்ன சத்தம், ஏரி முழுக்க இருக்குற அத்தனை டென்ட்டுக்கும் அது தலைமாட்டுல பாடுற மாதிரி.)

இந்த வழிஞ்சு வர்ற குளிர்க் காத்து தான் என்ன நடுங்க வெச்சதும். துடுப்பு போட்டு நடந்து வந்த களைப்புல தட்டையான இடமாப் பார்த்து ஒரு ஓடை ஏரில சேர்ற தாழ்வான மூலைல டென்ட்டப் போட்டுட்டோம், மலைல இருந்து இறங்குற குளிருக்கெல்லாம் அதான் வாசல். காலைல டென்ட் உள்பக்கமெல்லாம் தண்ணி சொட்டுச்சு, நாலு பேர் மூச்சுக் காத்துல இருந்த ஈரம் குளிர்ந்த துணில பட்டு வடிஞ்சது. மறுநாள் அதே சைட்லயே பதினஞ்சடி மேல, மேட்டுல போட்டோம். ஸ்லீப்பிங் பேக் ஜிப்பத் தொறந்து வெச்சுத் தூங்கினேன். ஆரஞ்சு போர்டு வெச்ச சைட்ல மட்டும் தான் தங்கலாம்ங்குறது அங்க ரூல், ஆனா சைட்டுக்குள்ள எந்த இடம்ங்குறது நம்ம கைல தான் இருக்கு.

விடியக்காலைல வெளிய வந்தா ஏரி முழுக்க ஆவி. தண்ணி கொதிக்குற மாதிரி தெரியும். உண்மைல இட்லிப் பானை மூடியத் தொறந்தா வர்றது தான் இது: தண்ணி சீக்கிரம் குளிராது, பகல் பூரா வாங்கின வெப்பத்த ராத்திரி பூரா வெச்சிருக்கும், அதோட மேல் பரப்ப ஒட்டி இருக்குற காத்து வெதுவெதுப்பா ஈரமா இருக்கும், அதுல மலைல இருந்து வழிஞ்ச குளிர்க் காத்து வந்து கலந்த உடனே ஈரம் குட்டித் துளியாகி கண்ணுக்குத் தெரியுது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்ல தான் இது ரொம்ப அழகு, ஏன்னா அப்போ ராத்திரி நல்லா குளிர ஆரம்பிச்சுடும், தண்ணி இன்னும் சூடாவே இருக்கும். ஒரு மணி நேரம் வெயில் பட்டா காணாமப் போயிடும், அதனால தூங்கி வழியாதீங்க.

மூணாவது நாள் நல்ல காத்து. மதியம் குளிக்க இறங்கினா மேல் தண்ணியே பல்லு கிட்டுது! காத்து எங்க கரைல இருந்து எதிர்க்கரை பக்கமா அடிச்சு வெதுவெதுப்பான தண்ணிய எல்லாம் அங்க தள்ளிடுச்சு, அந்த இடத்த நிரப்ப கீழ இருந்த குளிர்த் தண்ணி எங்க கரைல ஏறி வந்துடுச்சு. டொராண்டோ பீச்ல இத இன்னும் பெரிய அளவுல பார்க்கலாம், காத்து திசை மாறி அடிச்ச ஒரே நாள்ல ஒன்டாரியோ ஏரித் தண்ணி பத்து டிகிரிக்கு மேல கூட இறங்கும். நேத்து நல்லா இருந்துச்சேன்னு குழந்தைங்கள சட்டுனு இறக்கிடாதீங்க, முதல்ல கால வெச்சுப் பாருங்க. தண்ணி காத்த விட சுமார் 25 மடங்கு நல்லா வெப்பத்தக் கடத்தும், எதிர்பாராம குளிர் பட்டா மூச்சு தானா உள்ள இழுக்கும், அந்த நேரம் தலை தண்ணிக்குள்ள இருந்தா ஆபத்து. மே மாசம் கேனூ ஓட்டுறவங்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம், மேல வெயில் 25 டிகிரி அடிச்சாலும் தண்ணி ஐஸ் உருகி சில வாரம் தான் ஆகியிருக்கும், லைஃப் ஜாக்கெட்ட கேனூவுக்குள்ள போட்டு வெச்சா போதாது, மாட்டிக்கணும்.

எனக்கு இதுல எல்லாத்த விடவும் மனசுல நின்னது மீன் சமாச்சாரம் தான். லேக் டிரவுட்னு ஒரு மீன், குளிர்த் தண்ணி தான் வேணும் அதுக்கு, அதனால சம்மர் பூரா அந்தக் கீழ் ஏரில தான் இருக்கும். ஆனா கீழ் ஏரிக்கு காத்தோட தொடர்பே கிடையாது, நடுவுல தெர்மோக்ளைன் மூடி போட்டு மூடின மாதிரி நிக்குது. ஐஸ் உருகினப்போ மொத்த ஏரியும் கலந்து உள்ள போன ஆக்ஸிஜன வெச்சுத் தான் ஏறக்குறைய அஞ்சு மாசம் ஓட்டணும். பாறை மேல இருக்குற இந்த ஏரிங்கள்ல சத்து கம்மி, பாசி கம்மி, அடியில அழுகுறது கம்மி, அதனால இருப்பு தாங்குது. நாம கரைல சோப்பு போட்டு பாத்திரம் கழுவினா, மிச்ச சோத்தக் கொட்டினா, அந்த சத்துல பாசி வளரும், செத்து அடியில போய் அழுகும், அழுகும்போது அந்த மீனோட ஆக்ஸிஜனத் தான் எடுக்கும். மக்கும் சோப்புன்னு பாட்டில்ல எழுதியிருந்தாலும் மக்குறதுக்கு மண்ணு வேணும், தண்ணில இல்ல. ஒரு 60 மீட்டர் உள்ள தள்ளிப் போய் மண்ணுல ஊத்துங்க, பெரிய சிரமம் ஒன்னும் இல்ல. இந்தப் பார்க்குல ஒபியாங்கோ ஏரிக் கரைல ஹார்க்னஸ் மீன் ஆராய்ச்சி நிலையம்னு ஒன்னு 1936ல இருந்து இருக்கு, அங்க மீன் பிடிக்க வர்றவங்க கிட்ட என்ன பிடிச்சீங்க, எவ்ளோ நேரம் ஆச்சுன்னு கேட்டுக் கேட்டுப் பதிவு பண்ணிட்டு வர்றாங்க, அந்தப் பொறுமைய நினைச்சா கையெடுத்துக் கும்பிடணும்.

அந்த மூடி எப்போ தொறக்கும்? அக்டோபர், நவம்பர்ல. ராத்திரிக் குளிர்ல மேல் தண்ணி குளிர்ந்து குளிர்ந்து கனமாகி இறங்கும், எடை வித்தியாசம் கொறைஞ்சுட்டே வரும், ஒரு நாள் நல்ல காத்து ஒன்னு அடிச்சா மேல் ஏரி கீழ் ஏரி ரெண்டும் ஒன்னாகி மொத்தமும் புரளும். அடியில இருந்த தண்ணி பல மாசம் கழிச்சு காத்தப் பார்க்கும். அப்புறம் 4 டிகிரிக்கும் கீழ போனா மேல் தண்ணி லேசாகி மேலயே நின்னு உறையும், ஐஸ் மிதக்கும், அடியில 4 டிகிரி வாக்குல தண்ணி தண்ணியாவே இருக்கும், மீன் அங்க உயிரோட இருக்கும். லூனுங்க அதுக்கு முன்னாடியே கிளம்பிடும், கனமான பறவை, தண்ணி மேல ரொம்ப தூரம் ஓடினாத் தான் பறக்கவே முடியும், ஐஸ் சுத்தி வளைச்சுட்டா மாட்டிக்கும். பெரியவங்க முதல்ல போயிடும், அந்த வருஷத்துக் குஞ்சுங்க தான் கடைசி வரைக்கும் ஏரில இருக்கும், அதுங்களும் கிளம்பி கடல் பக்கம் போய் சில வருஷம் அங்கயே இருந்துட்டு வளர்ந்து தான் திரும்பும். நாங்க பார்த்த ஜோடியோட பக்கத்துல ஒரு குஞ்சு சாம்பல் கலர்ல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.