நிலாவாரை விடியும்வரை ஏன் காத்திருக்கிறது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மாமி வயிறு இளக இரவு படுக்க முன்னம் நிலாவாரை அவிச்சுக் குடிப்பா. விடியத்தான் வேலை செய்யும். குடிச்ச உடனே ஏன் செய்யிறதில்லை? போன மாசம் அன்டிபயோட்டிக் எடுத்த பிறகு அதே இலை, அதே அளவு, ஆனா ஒண்டும் நடக்கேல்லை. கடைக்காரர் பழைய சரக்கைத் தந்திட்டாரோ?"

சரக்கு பழசாக இருந்திருக்கலாம். ஆனால் இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே விடை இருக்கிறது. அது கடையில் இல்லை, மாமியின் பெருங்குடலில் இருக்கிறது.

புறக்கோட்டை கபோஸ் லேனில் சாக்குகளில் கொட்டி வைத்திருக்கும் நிலாவாரையில் ஒரு இலையை எடுத்துப் பாருங்கள். வெளிறிய பச்சை, கூரான நுனி, காம்படியில் இரண்டு பக்கமும் சமமாக இராது. ஒரு பக்கம் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். மருந்துச் சரக்கில் கலப்படம் பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பது அந்தச் சரிவைத்தான். உலக மருந்து நூல்களில் இந்த இலைக்குத் திருநெல்வேலியின் பெயரே நிலைத்துவிட்டது. அந்தப் பக்கத்து வறண்ட நிலத்தில் விளைந்து, தூத்துக்குடி வழியாகக் கப்பலேறிய இலை இது.

உள்ளே இருக்கும் மருந்துப் பொருள் செனோசைட்டு. 1941 இல் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஆர்தர் ஸ்டோலும் அவருடைய குழுவினரும் இதைப் பிரித்தெடுத்தார்கள். ஒரே மாதிரியான இரண்டு பாதிகள் நடுவில் ஒட்டிக்கொண்ட மூலக்கூறு அது. ஒவ்வொரு பாதியிலும் ஒரு குளுக்கோசு தொங்கும். வேடிக்கை என்னவென்றால், செனோசைட்டு அப்படியே இருக்கும்வரை வயிற்றை இளக்காது. அது பூட்டிய மருந்து. குளுக்கோசுதான் பூட்டு.

அந்தக் குளுக்கோசு ஒட்டியிருக்கும் விதம் நம்முடைய சமிபாட்டு நொதியங்களுக்கு எட்டாதது. சோற்றிலுள்ள மாப்பொருளை வெட்டித்தள்ளும் நொதியங்கள் இதைத் தொடுவதில்லை. மூலக்கூறு பெரிது, நீரை விரும்புவது. அதனால் குடற்சுவர் வழியாக இரத்தத்துக்குள்ளும் போகாது. இரைப்பையைத் தாண்டி, சிறுகுடல் முழுவதும் யாருடைய கையும் படாமல் பயணம் செய்து பெருங்குடலுக்கு வந்து சேருகிறது. இதற்கே சில மணி நேரம் பிடிக்கும்.

அங்கே ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடி முதல் பத்தாயிரம் கோடி வரை பற்றீரியாக்கள். அவற்றில் சிலவற்றிடம் சாவி இருக்கிறது. குளுக்கோசைக் கழற்றித் தாங்கள் சாப்பிட்டுவிடுகின்றன. அதோடு வேலை முடிவதில்லை, மிச்சமிருக்கும் இரட்டை மூலக்கூறு இன்னும் நடுவில் ஒட்டித்தான் இருக்கிறது. எனக்கு அலுக்கவே அலுக்காத கட்டம் இனித்தான் வருகிறது. பெருங்குடலில் ஒட்சிசன் அநேகமாக இல்லை. நாம் உணவை எரித்துச் சக்தி எடுக்கும்போது மிஞ்சும் எலெக்ட்ரோன்களை ஒட்சிசன் வாங்கிக்கொள்கிறது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் பற்றீரியா அவற்றை வேறு எதன் மேலாவது ஏற்றியாக வேண்டும். கையில் அகப்படும் மூலக்கூறுகளில் நிலாவாரையின் மூலக்கூறும் ஒன்று. எலெக்ட்ரோன் ஏறியதும் நடுப்பிணைப்பு உடைகிறது, இரண்டு பாதிகளும் விலகுகின்றன. அந்தப் பாதிதான் ரெயின் அந்திரோன். உண்மையான மருந்து அதுதான்.

ரெயின் அந்திரோன் ஒட்சிசன் பட்டால் நிலைக்காது, சீக்கிரம் வேறொன்றாக மாறிவிடும். அதை நேரடியாகக் குளிசையில் அடைத்து விழுங்கினால் வழியிலேயே வீணாகும், அல்லது மேற்குடலிலேயே உறிஞ்சப்படும். செடி தந்திருக்கும் வடிவத்திலோ, எங்கே தேவையோ அங்கேதான், ஒட்சிசன் இல்லாத அந்த இடத்திலேயே பிறக்கிறது. மருந்துக் கம்பனிகள் பெருங்குடலில் மட்டும் திறக்கும் குளிசை செய்யப் பெரும்பாடு படுகின்றன. பாலைநிலத்துச் செடி ஒன்றின் இலையில் அது சும்மா கிடக்கிறது.

பிறகு நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ரெயின் அந்திரோன் குடற்தசையை அசைக்கிறது. குடற்சுவரிலுள்ள தற்காப்புக் கலங்களைத் தூண்டி புரொஸ்டாகிளான்டின் என்ற பொருளைச் சுரக்கச் செய்கிறது. அது, மலத்திலிருந்து நீரை உடம்புக்குள் திருப்பி எடுக்கும் நீர்க்கால்வாய்ப் புரதங்களைக் குறைப்பதாக எலிச் சோதனைகள் காட்டுகின்றன. நீர் உள்ளேயே நிற்கிறது, மலம் இளகுகிறது. குடித்ததிலிருந்து எல்லாமாக 6 முதல் 12 மணி நேரம். இரவு குடித்தால் விடிய.

அன்டிபயோட்டிக் கதையும் இப்போது விளங்கும். நோய்க் கிருமியைக் கொல்ல எடுத்த மருந்து சாவி வைத்திருந்த பற்றீரியாக்களையும் குறைத்திருக்கலாம். கற்றாழையில் இதைக் கண்முன்னே காட்டினார்கள். கற்றாழைத் தோலை வெட்டினால் வடியும் மஞ்சள் பாலில் பார்பலோயின் இருக்கிறது. அதிலுள்ள சர்க்கரைப் பூட்டு இன்னும் இறுக்கமானது, மிகச் சில பற்றீரியாக்களால்தான் திறக்க முடியும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1996 இல் வெளியிட்ட சோதனையில், பற்றீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். பேதி வரவில்லை. மனிதக் குடலிலிருந்து எடுத்த ஒரே ஒரு இனப் பற்றீரியாவை அந்த எலிகளில் குடியேற்றிவிட்டுக் கொடுத்தார்கள். பேதியானது.

ஆகவே மாமி அளவைக் கூட்டிக் குடிக்க வேண்டாம். பற்றீரியாக்கள் மீண்டு வரக் கொஞ்ச நாள் எடுக்கும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பேதி குடித்தால் உடம்பிலுள்ள நஞ்செல்லாம் இறங்கும் என்ற நம்பிக்கை எங்களிடம் இன்னும் பலமாக இருக்கிறது. பள்ளிக்கூட விடுமுறை வந்தால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கொடுத்த வீடுகள் எத்தனை! இறங்குவது நஞ்சு இல்லை, நீரும் உப்புகளும்தான். கழிவை அகற்ற ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. நிலாவாரையைக் கிழமைக்கணக்கில் விடாமல் குடித்தால் பொட்டாசியம் குறையும். இதயத்துக்கு டிகொக்சினோ, நீர் போவதற்குக் குளிசையோ எடுப்பவர்களுக்கு அது ஆபத்து. நீண்ட நாள் குடித்தவர்களின் குடற்சுவர் கபில நிறமாவதைக் கமரா விட்டுப் பார்க்கும் வைத்தியர்கள் அடிக்கடி காண்கிறார்கள். நிறுத்தினால் அது மாறும் என்பது ஆறுதல்.

பற்றீரியாவின் கை வயிற்றோடு நிற்பதில்லை. சோயாவை எடுங்கள். கொழும்பில் சோயா மீட் சமைக்காத வீடு குறைவு. சோயாவிலுள்ள டைட்சீன் பெண்களின் ஈஸ்ட்ரோஜன் ஓமோனை ஓரளவு ஒத்தது. சில பெருங்குடல் பற்றீரியாக்கள் அதற்கு ஐதரசன் ஏற்றி ஈகுவோல் ஆக்குகின்றன. ஈகுவோல் ஈஸ்ட்ரோஜன் வாங்கிகளில் இன்னும் நன்றாகப் பொருந்தும். அதை முதலில், 1932 இல், கண்டெடுத்தது சினைப்பட்ட குதிரையின் சிறுநீரில். 1940களில் மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவர்ச் செடியை மேய்ந்த செம்மறிகள் சினைப்படாமல் போனதற்கும் அவற்றின் வயிற்றுக்குள் உருவான ஈகுவோல்தான் காரணம். மனிதரில் எல்லோரும் அதை உண்டாக்குவதில்லை. மேற்கு நாடுகளில் மூவரில் ஒருவர் அளவில், கிழக்காசியாவில் பாதிப்பேருக்கு மேல். மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் வெக்கைக்கு சோயா உதவுமா என்ற ஆய்வுகள் முன்னுக்குப் பின் முரணாக வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஒரே உணவுதான், ஆனால் வேறு வேறு குடல்கள்.

சிறுநீர்ப் பக்கம் இன்னொருவர் இருக்கிறார்: ஒட்சலோபக்டர், 1985 இல் பெயரிடப்பட்ட பற்றீரியா. சக்திக்கு அது நம்பியிருப்பது உணவிலுள்ள ஒட்சலேற்று என்ற உப்பை மட்டும். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கல்சியம் ஒட்சலேற்று. குடலிலேயே ஒட்சலேற்றைத் தின்றுவிட்டால் சிறுநீருக்குப் போவது குறையும். அன்டிபயோட்டிக்கில் இதுவும் அழியக்கூடியது. அதனால்தான் சீனி வருத்தத்துக்கு நல்லது என்று காமரங்காய்ச் சாற்றை வெறுவயிற்றில் குடிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது. அதில் ஒட்சலேற்று மிக அதிகம். அதைக் குடித்துச் சிறுநீரகம் கெட்டவர்களை இலங்கை வைத்தியர்களே மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். மரத்தில் காய்த்தது என்பதால் மட்டும் ஒன்று பாதுகாப்பாகிவிடாது.

நாவின்னவில் ஆயுர்வேத ஆராய்ச்சி நிறுவனம் 1962 முதல் இருக்கிறது. பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. செடியில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போடும் ஆய்வுகளுக்குச் செலவழித்தது போதும் என்பது என் கருத்து. ஒட்சிசன் புகாத வளர்ப்பு அறை ஒன்றுக்குக் காசு ஒதுக்குங்கள். கொழும்பில் நூறு பேரின் மல மாதிரிகளை வாங்கி, எங்கள் பெண்கள் கஞ்சி காய்ச்சிக் குடிக்கும் சாத்தாவாரியை அவற்றோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். அதிலுள்ள சப்போனின் என்ற பொருள்களிலும் சர்க்கரை தொங்குகிறது. நூறு பேரில் எத்தனை பேரின் பற்றீரியாக்கள் அதைக் கழற்றுகின்றன என்பதே எனக்கு முதலில் தெரிய வேண்டும்.