பஞ்சை அரைத்தால் பஞ்சுதானா?

"அரிசியை அரைத்தாலும் அரிசிதானே, பஞ்சை அரைத்தால் மட்டும் வேறாகிவிடுமா?" என்று பள்ளி மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வேதியியல் வாய்பாட்டில் எதுவும் மாறாது. ஆனாலும் அது பழைய பஞ்சு இல்லை.

பஞ்சு ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ். குளுக்கோஸ் வளையங்கள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி அது. அரிசி மாவுச்சத்தும் குளுக்கோஸ்தான். கோக்கும் விதம் வேறு என்பதால் சோறு நமக்குச் செரிக்கிறது, பஞ்சு செரிப்பதில்லை. இந்தச் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் பக்கத்தில் பக்கம் ஒட்டித் தாளாகின்றன. தாள்மேல் தாள் படிந்து படிகமாகின்றன. அந்த அடுக்குக்குள் தண்ணீரும் நொதியும் எளிதில் நுழைய முடியாது.

இப்போது உலர்ந்த பஞ்சையும் சிர்கோனியா என்னும் கடினப் பீங்கானால் ஆன கனமான குண்டுகளையும் ஜாடிக்குள் போட்டு, அதிவேகமாகச் சுழலவிடுவோம். குண்டுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிய இழை நசுங்கி இழுபடுகிறது. தொடக்கத்தில் துகள் சிறிதாகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அது நின்றுவிடும். ஆனால் அரைப்பதை நிறுத்தாவிட்டால் உள்ளே குலைவு தொடரும். தாள்கள் சரிகின்றன, ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்து கண்ட இடத்தில் மறுபடி ஒட்டுகின்றன, சங்கிலிகளே ஆங்காங்கே முறிகின்றன. படிக ஒழுங்கைக் காட்டும் எக்ஸ்-கதிர் வரைபடத்தில் 22.5 டிகிரி அருகே கோபுரம்போல் நின்ற முகடு, சில மணி நேர அரவைக்குப் பின் தாழ்ந்து அகன்ற மேடாகக் கிடக்கும். முதன்முதலில் அந்த இரண்டு வரைபடங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது நெடுநேரம் இருக்கையைவிட்டு எழவில்லை. இரண்டும் ஒரே பொருள், ஒரே அணுக்கள்! கட்டட நகரம் இடிந்து செங்கல் குவியலாகிவிட்டது. செங்கல் அப்படியே இருக்கிறது.

குலைந்த செல்லுலோஸுக்குள் நொதி தாராளமாக நுழையும். குளுக்கோஸ் வேகமாகவும் அதிகமாகவும் கிடைக்கும். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிலக்கரி ஆய்வு நிறுவனத்தினர், சிறிதளவு கந்தக அமிலம் ஏற்றிய செல்லுலோஸை உலர அரைத்தே, தண்ணீரில் கரையும் குறுஞ்சங்கிலிகளாக்கிக் காட்டினார்கள். தடை மின்சாரம்: அரவைக்கு ஆகும் செலவு இன்னும் அதிகம். அந்தத் தடையைத் தாண்டும் ஆராய்ச்சிக்கு நம் நாட்டில் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வயலில் வைக்கோலுக்குத் தீ வைக்கும் நாடு இது. எரிவதில் பெரிய பங்கு இதே சங்கிலிதான்.

நான் "உலர" என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திரிகையில் உடைப்பதும் ஆட்டுக்கல்லில் நீர்விட்டு ஆட்டுவதும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியும். செல்லுலோஸும் அப்படித்தான். ஈரம் நிறைய இருந்தால் தண்ணீர் சங்கிலிகளுக்கு இளக்கம் தருகிறது. படிகம் பெரும்பாலும் தப்பிக்க, இழை மட்டும் நுண்ணிய நார்களாகப் பிரிகிறது. 17-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் தோன்றிய காகிதக்கூழ் அடிக்கும் இயந்திரம் இதைத்தான் செய்தது. பிரிந்த நார்கள் காயும்போது ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான் காகிதம் கிழியாமல் நிற்கிறது.

உலர அரைத்துக் குலைத்த தூளில் பிறகு தண்ணீர் ஊற்றிச் சூடாக்கினாலோ இன்னும் வியப்பு. நீர் மூலக்கூறுகள் இடையே புகுந்து சங்கிலிகளை நகரவிடுகின்றன. முகடுகள் திரும்ப எழுகின்றன. ஆனால் பலவேளைகளில் பழைய இடத்தில் அல்ல. பஞ்சில் இயற்கை அடுக்கிய ஒழுங்கில் சங்கிலிகள் எல்லாம் ஒரே திசை நோக்கும். புதிய படிகத்தில் அடுத்தடுத்த சங்கிலிகள் எதிரெதிர் திசை நோக்குகின்றன. செல்லுலோஸ் இரண்டு என்று பெயர். இதே மாற்றத்தை 1844-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஜான் மெர்சர் காரக் கரைசலைக் கொண்டு பருத்தியில் உண்டாக்கினார். மெர்சரைஸ் செய்த தையல் நூலின் பளபளப்பு அவர் பெயரைத்தான் சொல்கிறது. அவர் காரத்தால் போன இடத்துக்குக் குண்டும் தண்ணீரும் போய்ச் சேருகின்றன. அதனால்தான் அரைத்த தூளை உடனே உலர்ந்த புட்டியில் போட்டு மூடியை இறுக்கி வைக்கிறோம்.