விட்டத்தில் ஒட்டும் முதல் மண் உருண்டை

தகைவிலான் குருவியின் கூட்டை அருகிலிருந்து பார்த்தால் அது ஒரே மண்கட்டியாகத் தெரியாது. சின்னச் சின்ன உருண்டைகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் விளிம்பையும் விரலால் தடவி உணரலாம். அந்த ஒவ்வோர் உருண்டைக்காகவும் குருவி ஒருமுறை குட்டையோரம் போய், அலகு நிறையச் சேறெடுத்து, குதிரை லாயத்துக்குள் பறந்துவந்து ஒட்டியிருக்கிறது. ஒரு கூடு முடிய நூற்றுக்கணக்கான நடைகள், சில கூடுகளுக்கு ஆயிரத்துக்கும் மேல். உருண்டைகளுக்கிடையே உலர்ந்த புல்லும் குதிரை முடியும் நாராகப் பின்னிக் கிடக்கும். உள்ளே இறகு மெத்தை.

இவ்வளவு உழைக்கும் உயிரைக் கை தட்டி விரட்டிவிடலாம் என்று நினைப்பதில்தான் லாயம் வைத்திருப்பவர்கள் பலரும் தோற்றுப்போகிறார்கள். கூட்டைத் தட்டிவிட்டால் மறுநாளே அதே இடத்தில் புதுச் சேறு ஒட்டியிருக்கும். பறவையைத் துரத்திப் பயனில்லை. அதற்கு அந்த இடம் ஏன் வீடாகத் தெரிகிறது என்பதைப் புரிந்துகொண்டு, அந்தக் காரணத்தை அகற்ற வேண்டும்.

தகைவிலானுக்கு அந்தக் காரணம் விட்டம். கூரைக்கு ஒரு சாண் தூரத்துக்குள், மழையும் பூனையும் எட்டாத, சொரசொரப்பான மரம். ஈரச்சேறு மரத்தின் நுண்ணிய பள்ளங்களுக்குள் இறங்குகிறது. நீர் ஆவியாகும்போது களிமண் துகள்கள் நெருங்கி மரத்தை இறுகப் பற்றிக்கொள்கின்றன. அதே சேற்றை வழவழப்பான தகட்டில் ஒட்டினால் பற்றிக்கொள்ளப் பள்ளமில்லை. காய்ந்ததும் பெயர்ந்து விழும். ஆகவே, விட்டமும் சுவரும் கூரையோடு சேரும் மூலைகளில் வழவழப்பான பிளாஸ்டிக் அல்லது உலோகத் தகடு அடித்தால் குருவிக்கு அடித்தளமே கிடைக்காது. பழைய கூட்டின் தடமும் மிஞ்சக் கூடாது. பழைய கூட்டைச் செப்பனிடுவது புதிதாகக் கட்டுவதைவிட எளிது என்பதால், வசந்தத்தில் திரும்பும் குருவிகள் முதலில் தேடுவது அதைத்தான்.

சிட்டுக்குருவியின் கணக்கு வேறு. அதற்குப் பொந்தோ இடுக்கோ வேண்டும். கூடவே சிந்திக் கிடக்கும் தானியம். விளக்குக் கூண்டுக்குப் பின்னாலும் மின்கம்பிகள் நுழையும் ஓட்டையிலும் காய்ந்த வைக்கோலைத் திணித்து வைப்பது இதுதான். சூடாகும் விளக்கின் பக்கத்தில் காய்ந்த வைக்கோல் இருந்தால் தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்! லாயத்தில் வேறெதைச் செய்யாவிட்டாலும் அந்த இடுக்குகளை முதலில் அடைத்துவிடுங்கள். தீவனத்தை மூடியுள்ள பீப்பாயில் வைத்து, சிந்தியதை அன்றன்றே கூட்டுங்கள்.

மாடப்புறாவுக்கோ உட்கார ஒரு தட்டையான விளிம்பு போதும். நாலு குச்சியைப் போட்டு முட்டையிட்டுவிடும். அந்த விளிம்பின் மேல் 45 பாகைக்குக் குறையாத சரிவில் ஒரு பலகையை அடித்துவிட்டால் கால் வழுக்கி, வேறிடம் தேடிப் போகும்.

மூன்றையும் ஒரே வேலையில் தடுப்பது வலை. விட்டங்களுக்குக் கீழே, கூரை முழுவதும் மறையும்படி கட்டுவது வழக்கம். வலைக்கண்ணின் அளவு முக்கியம்: புறாவுக்கு 50 மில்லிமீட்டர் போதும், சிட்டுக்குருவியைத் தடுக்க 19 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. முரசுத் தோல் போல இழுத்துக் கட்ட வேண்டும். தொய்ந்த வலையில் கால் சிக்கிய பறவை படபடத்தே செத்துப்போகும். அதைப் பார்ப்பதும் கொடுமை, குதிரைக்கும் நல்லதல்ல. அழுகும் உடல் உலர்புல்லில் கலந்தால் தசைகளை முடக்கும் பொட்டுலிச நஞ்சு உருவாகக்கூடும். அந்த நஞ்சை மிகக் குறைந்த அளவில்கூடத் தாங்காத உயிர் குதிரை. பறவைக்கு விஷம் வைப்பதை நான் கடுமையாக எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பறவை வராமல் இருக்கக் கதவு, சன்னல், காற்றுத்துளை எல்லாவற்றையும் அடைப்பது இன்னொரு தவறு. குதிரையின் சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் உலர்புல் தூசியும் வெளியேற வழியில்லாவிட்டால் அதன் நுரையீரல் கெடும். காற்றுக்கு வழிவிட்டுப் பறவையை மட்டும் மறிப்பது வலையால்தான் முடியும்.

மீயொலிக் கருவிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மனிதக் காதுக்குக் கேட்காத, நொடிக்கு 20,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலி பறவைகளை ஓட்டிவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். பறவைகளின் செவி மிகக் கூர்மையாக இருப்பது 1,000 முதல் 4,000 அதிர்வுகள் வரைதான். பெரும்பாலானவற்றுக்கு 10,000-ஐத் தாண்டினால் மிகக் குறைவாகவே கேட்கும். குதிரைக்கோ 33,000 அதிர்வு வரை கேட்கும். அதாவது, விட்டத்தில் குருவி நிம்மதியாகச் சேறு பூசிக்கொண்டிருக்க, கீழே ஓடவும் வழியில்லாமல் கட்டுண்டு நிற்கும் குதிரைதான் இரவும் பகலும் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டிருக்கும். காசு கொடுத்து நம் குதிரையை நாமே வதைப்பதற்குச் சமம் இது. பிளாஸ்டிக் ஆந்தைக்கு அந்தத் தீங்கில்லை, ஆனால் பயனும் நாலைந்து நாளைக்குத்தான். அசையாத ஆந்தை தீங்கு செய்யாது என்று பறவைகள் விரைவில் கற்றுக்கொள்கின்றன.

எல்லாப் பறவைகளையும் வெளியேற்றத்தான் வேண்டுமா? தீவனத் தொட்டிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் மேலே எந்தக் கூடும் கூடாது. எச்சம் வழியாக சால்மொனெல்லா போன்ற கிருமிகள் தீவனத்தில் இறங்கும். ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை எச்சம் ஊறிய மண்ணில் செழித்து வளரும். மற்ற இடங்களில் தகைவிலானை விட்டுவைக்கலாம் என்பதே என் எண்ணம். அது பறந்தபடியே பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். அதில் பெரும்பங்கு ஈக்கள். குதிரை நிற்கும் இடத்தில் ஈ மொய்ப்பதை அறிந்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

எச்சத்துக்கும் ஒரு வழி உண்டு. குஞ்சு பொரித்த தொடக்க நாட்களில் கூட்டின் கீழே தரை சுத்தமாகவே இருக்கும். குஞ்சின் கழிவு மெல்லிய சவ்வுப் பையில் வெளிவருகிறது. தாயும் தந்தையும் அதை அலகில் கவ்விக்கொண்டுபோய்த் தொலைவில் போட்டுவிடுகின்றன. குஞ்சுகள் வளர்ந்தபின்தான் கூட்டின் விளிம்புக்கு வெளியே வாலைத் தூக்கி எச்சமிடத் தொடங்குகின்றன. மூன்று வாரத்தில் பறந்துவிடும் குஞ்சுகளுக்கு அழுக்குக் காலம் கடைசிச் சில நாட்கள்தான். கூட்டுக்கு ஒரு முழம் கீழே அகலமான பலகையொன்றைப் பொருத்தினால் அத்தனையும் அதில் விழும்.

தடுப்பதென்றால் காலம் தவறக் கூடாது. அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி, முட்டையோ குஞ்சோ உள்ள தகைவிலான் கூட்டை அனுமதியின்றிக் கலைப்பது குற்றம். பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிக்கொண்டிருக்கும் கூட்டுக்கும் பாதுகாப்புத் தருகிறது. வலையும் தகடும் குளிர்காலத்திலேயே ஏறிவிட வேண்டும். ஒருமுறை குஞ்சு பொரித்த இணை அதே பருவத்தில் மறுபடி முட்டையிடுவது சாதாரணம் என்பதால், முதல் குஞ்சுகள் பறந்ததும் அவசரப்பட்டுக் கூட்டில் கைவைக்கக் கூடாது.

பருவம் முடிந்து கூடு காலியானபின் அதில் மிஞ்சுவது சிற்றுண்ணிகள். குஞ்சுகளின் இரத்தத்தைக் குடித்து வளர்ந்த அவை பசியோடு கீழிறங்கி, குதிரையின் தோலில் ஏறி அரிப்பை உண்டாக்கும். குதிரைகளை வெளியே கட்டிவிட்டு, முகக்கவசம் அணிந்து, கூட்டையும் எச்சத்தையும் தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்தபின் சுரண்டி எடுங்கள். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டினால் பூஞ்சை தூசியோடு பறந்து மூச்சில் ஏறும். சுரண்டியதைப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, விட்டத்தைத் தேய்த்துக் கழுவி, மண் தடம் போன இடத்தில் அன்றைக்கே தகடு அடித்துவிடுங்கள்.