பிணைப்பு மட்டு

மென்பொருள் நிரலில் ஒரு வகுப்பு (‘கிளாஸ்’ எனப்படும் நிரல் அலகு) தனக்கு வேண்டிய பொருளைத் தானே உருவாக்கிக்கொள்ளாமல் வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளும் முறைக்கு ‘டிப்பென்டன்சி இன்ஜெக்‌ஷன்’ என்ற பெயரை 2004 ஜனவரியில் மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபௌலரின் கட்டுரை நிலைநிறுத்தியது. எந்த இடைமுகத்துக்கு (என்ன வேலை நடக்க வேண்டும் என்பதை மாத்திரம் சொல்லும் ‘இன்டர்ஃபேஸ்’) எந்த வகுப்பைக் கொடுப்பது என்று எழுதும் வரியைக் கொழும்பு மென்பொருள் அலுவலகங்களில் ‘பைண்டிங்’ என்றும், உறவுடைய பைண்டிங்குகளைச் சேர்த்துவைக்கும் வகுப்பை ‘மொடியூல்’ என்றும் சொல்கிறோம். 2007இல் கூகுள் வெளியிட்ட, ‘Guice’ என்று எழுதி ‘ஜூஸ்’ என்று ஒலிக்கும் ஜாவாக் கட்டமைப்பு இவ்விரு சொற்களையும் பரவலாக்கியது.

இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது? பைண்டிங்குக்குப் ‘பிணைப்பு’ போதும். இரசாயனவியல் படித்த எவருக்கும் அது பழகிய சொல். சிக்கல் மொடியூலில்தான் இருக்கிறது. ‘தொகுதி’ என்று எழுதுவோர் உண்டு. ஆனால் சமிபாட்டுத் தொகுதி, நரம்புத் தொகுதி என்று படித்து வளர்ந்த இலங்கை வாசகருக்குத் தொகுதி என்பது முழு அமைப்பையே குறிக்கும். மொடியூலோ அந்த முழுமையின் ஒரு பகுதி.

மொடியூலின் வேர் ‘மொடுலுஸ்’ என்ற இலத்தீன் சொல்; அதன் பொருள் சிற்றளவு. உரோமக் கட்டடக் கலைஞர் தூணின் தடிப்பிலிருந்து ஓர் அளவை எடுத்து, கட்டடத்தின் ஏனைய உறுப்புகளை அதனால் அளந்தார்கள். தமிழில் அளவையும் எல்லையையும் ஒருசேரக் குறிக்கும் சொல் ‘மட்டு’. உயர்தரப் பௌதிகவியலில் ‘யங்கின் மட்டு’ (‘யங்ஸ் மொடுலஸ்’) படித்தபோதே மொடுலுசுக்கு அதை ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஆகவே ‘பிணைப்பு மட்டு’ என்பதே என் தெரிவு.

எல்லை என்ற பொருள் இங்கே மிகவும் முக்கியமானது. வங்கியுடன் பேசும் வகுப்பு, பற்றுச்சீட்டு எழுதும் வகுப்பு, வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வகுப்பு ஆகிய மூன்றும் கட்டணத்துக்காகவே இருக்குமானால், அவற்றின் பிணைப்புகள் ஒரே மட்டுக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் சோதனையின்போது அந்த ஒரு மட்டை எடுத்துவிட்டு, உண்மையில் பணமோ குறுஞ்செய்தியோ அனுப்பாத போலி மட்டை வைக்க முடியும். பம்பலப்பிட்டியில் நான் வேலை செய்த ஒரு செயற்றிட்டத்தில் எல்லாப் பிணைப்புகளும் ஒரே கோப்பில் கிடந்தன. குறுஞ்செய்தி வரியொன்றை மாற்றுவதற்குக்கூட, தொடர்பில்லாத நூறு வரிகளைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. பிரித்தபோது ஒரே இடைமுகத்தை இரண்டு மட்டுகள் வெவ்வேறு வகுப்புகளுடன் பிணைத்துவிட்டதால் செயலி தொடங்கவே மறுத்தது. அந்த மறுப்பு நல்லது. எல்லை மீறப்பட்ட இடத்தை அது அங்கேயே காட்டிக்கொடுத்தது.

டிப்பென்டன்சி இன்ஜெக்ஷனைத் தமிழில் ‘சார்பு உட்செலுத்தல்’ என்று சொல்லும் வழக்கிலும் கவனம் வேண்டும். கணிதத்தில் சார்பு என்பது ‘ஃபங்ஷன்’ என்பதற்குரிய சொல். நிரலாளர் அப்படித்தான் வாசிப்பார். ‘சார்புப்பொருள் உட்செலுத்தல்’ என்றால் அந்த மயக்கம் நீங்கும்.

மட்டு என்ற சொல்லுக்கும் ஒரு குறை உண்டு. ‘கட்டண மட்டும்’ என்று எழுதினால் கட்டணம் மாத்திரம் என்று படிக்கப்படும். ‘மட்டில்’ என்பதோ ‘பொறுத்தமட்டில்’ என்பதை நினைவூட்டும். அதனால் ஆவணங்களில் ‘கட்டண மட்டினுள்’, ‘கட்டண மட்டையும்’ என்று எழுதுகிறேன். ‘உம்’ நேராக ஒட்டும் இடங்களில் வாக்கியத்தையே மாற்றிக்கொள்கிறேன்.