டெஸ்க்டாப் சிடி டிரைவ பழைய லேப்டாப்புல ஓட வைக்கறது எப்படி

பழைய லேப்டாப்புல பேட்டரிக்கு அடுத்து படுக்கறது சிடி டிரைவ்தான். தர்மபுரி நாலு ரோட்டுப் பக்கம் கடைல கேட்டா அந்த மாடலுக்கு இப்ப டிரைவ் வர்றதில்லம்பாங்க. ஆனா வீட்ல ஒரு டெஸ்க்டாப் இருக்கும், அதுல டிரைவ் நல்லா ஓடும், பீரோல கல்யாண விசிடி வேற கெடக்கும், சரி டெஸ்க்டாப்பையும் லேப்டாப்பையும் ஒரு யூஎஸ்பி கேபிள்ல மாட்டிட்டா முடிஞ்சுதுன்னு தோணும்.

மாட்டாதீங்க. யூஎஸ்பில ஒருத்தர் முதலாளி, இன்னொருத்தர் வேலையாள்னு இருந்தாத்தான் பேச்சே நடக்கும், இங்க ரெண்டு கம்ப்யூட்டருமே முதலாளி. அதோட ரெண்டு பக்கமும் 5 வோல்ட் தள்ளும், போர்ட் போயிடலாம்.

லேன் கேபிள்ல இந்தத் தகராறு இல்லைங்க. ரவுட்டர் கூட வேணாம், நேரா மாட்டினா ரெண்டும் தானாவே 169.254னு ஆரம்பிக்கற ஐபி (நெட்வொர்க் அட்ரஸ்) எடுத்துக்கும், ரெண்டுமே ரொம்பப் பழைய 100 எம்பிபிஎஸ் கார்டா இருந்தா மட்டும் கிராஸ்ஓவர் கேபிள் (உள்ள வயர மாத்திக் கட்டின லேன் கேபிள்) தேவைப்படும். டெஸ்க்டாப்ல டிரைவ ஷேர் பண்ணிட்டா லேப்டாப்புல தெரியும். வேகத்துக்கும் கவலை இல்ல, 52எக்ஸ் டிரைவ் முழு வேகத்துல ஓடினாலும் செகண்டுக்கு 7.8 எம்பிதான், அந்த 100 எம்பிபிஎஸ் லேனே 11 எம்பி வரைக்கும் இழுக்கும்.

ஆனா ஷேர் பண்ணும்போது லேப்டாப்புக்கு வர்றது டிரைவ் இல்ல, அதுல இருக்கற ஃபைல் மட்டுந்தான். நேரடியா மாட்டின டிரைவ்கிட்ட கம்ப்யூட்டர் "இத்தனாவது செக்டார (டிஸ்க்ல ஒரு சின்னத் துண்டு) படி"ன்னு கேக்கும், ஷேர்ல "இந்தப் பேர் ஃபைல குடு"ன்னு கேக்கும், செக்டார் வேலையெல்லாம் டெஸ்க்டாப் பாத்துக்கும். விசிடில எம்பெக்ஏவி ஃபோல்டருக்குள்ள ஏவிசீக்01ன்னு ஒரு டேட் (.DAT) ஃபைல் இருக்கும், அத விஎல்சி பிளேயர்ல போட்டா கல்யாணம் ஓட ஆரம்பிச்சிடும். பாட்டு சிடில அப்படி ஃபைலே கெடையாது, விண்டோஸ் நமக்குக் காட்டற சிடிஏ (.CDA) ஒவ்வொண்ணும் பாட்டு இல்லாத வெறும் 44 பைட் குறிப்பு, அத காப்பி பண்ணிட்டு பாட்டு வரலயேன்னு உக்காந்திருக்கறவங்க நெறைய பேர். அதுக்கு டெஸ்க்டாப்லயே எம்பி3யா மாத்தி அனுப்பறதுதான் வழி. விண்டோஸ் சிடி போட்டு பூட் பண்றதும் (அந்த சிடிலேர்ந்தே லேப்டாப்ப ஸ்டார்ட் பண்றது) ஷேர்ல நடக்காது, அந்த நேரத்துல லேப்டாப்புக்கு ஷேர்னா என்னன்னே தெரியாதே.

லேப்டாப் எக்ஸ்பி, டெஸ்க்டாப் விண்டோஸ் 10னா இன்னொரு தலைவலி. ஷேர் பண்றதுக்கான பாஷைல எக்ஸ்பிக்குத் தெரிஞ்சது பழைய எஸ்எம்பி1 மட்டும், 2017 கடைசில வந்த விண்டோஸ் 10ல இருந்து புதுசா இன்ஸ்டால் பண்ணா அது இருக்கறதில்ல. திருப்பி ஆன் பண்ணலாம், ஆனா பண்ணுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், வான்னாக்ரை வைரஸ் புகுந்தது அந்த ஓட்டை வழியாத்தான்.

பூட் பண்ணியே ஆகணும்னா டிரைவ்தான் நேரா லேப்டாப்புக்கு வரணும், டிரைவோட சாட்டா கனெக்‌ஷன யூஎஸ்பியா மாத்தற சாட்டா டு யூஎஸ்பி அடாப்டர் வாங்குங்க. இங்கதான் நெறைய பேர் மாட்டிக்கறாங்க. லேப்டாப் டிரைவ் 5 வோல்ட்லயே ஓடும், டெஸ்க்டாப் டிரைவுக்கு மோட்டார் சுத்த 12 வோல்ட்டும் வேணும், யூஎஸ்பி போர்ட் தர்றதோ 5 வோல்ட்தான். அதனால வெல கம்மியான அடாப்டர மாட்டினா ட்ரே கூட வெளிய வராது. 12 வோல்ட் பவர் பிளக்கோட வர்றத வாங்கணும், இல்லன்னா பவர் வயர டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ்லயே (பவர் சப்ளை பாக்ஸ்) விட்டுட்டு டேட்டா கேபிள மட்டும் அடாப்டருக்கு மாத்தலாம், அந்த வயர்ல மஞ்சள் 12, சிவப்பு 5, கறுப்பு ரெண்டும் கிரவுண்ட். டெஸ்க்டாப்ப ஆஃப் பண்ணிட்டு மாத்துங்க, மாத்தினப்புறம் அது ஆன்லயே இருக்கணும். சில அடாப்டர் ஹார்ட் டிஸ்க்க மட்டுந்தான் கண்டுக்கும், கடைல சிடி டிரைவ் ஓடுமான்னு கேட்டுட்டு காசு குடுங்க.

பூட் வேணாம், டேட்டா மட்டும் போதும்னா டெஸ்க்டாப்ல ஐஎஸ்ஓ (முழு டிஸ்க்கும் ஒரே ஃபைலா ஆன காப்பி) எடுத்து பென் டிரைவ்ல போட்டுக்கங்க. சிடின்னா 700 எம்பிதான், டிவிடின்னா ஐஎஸ்ஓ 4 ஜிபிய தாண்டிடலாம், அப்ப பென் டிரைவ் ஃபேட்32 ஃபார்மட்ல இருந்தா ஏறாது, என்டிஎஃப்எஸ்ஸா ஃபார்மட் பண்ணிக்கங்க.