ஜேசிபி கிளறிய குழியில் கிடந்தவை நாய்க்குட்டிகள் அல்ல

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. கால்நடை மருந்தக வாசலில் டிவிஎஸ் வண்டியை நிறுத்திய பெரியவர், பின்னால் கட்டியிருந்த உரச்சாக்கை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். "டாக்டருங்க, நாய்க்குட்டிங்க. காட்டுல ஜேசிபி ஓட்டுனப்போ குழிக்குள்ள கெடந்துச்சுங்க. தாயைக் காணோம். பொழைக்க வெச்சீங்கன்னா ஒண்ண நானே வளத்துக்கறேன்" என்றார்.

சாக்குக்குள் மூன்று குட்டிகள். பார்த்தவுடன் நாய்க்குட்டி என்றுதான் தோன்றும், எனக்கும் ஒரு நொடி அப்படித்தான். ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினேன். மூஞ்சி நாய்க்குட்டிக்கு இருப்பதைவிடக் கூர்மை. கண்ணின் பாப்பா வட்டமாக இல்லை, பூனைக்குப் போல நெட்டுவாக்கில் ஒடுங்கியிருந்தது. வால் நுனி கறுப்பு. "ஐயா, இது நரிக்குட்டி" என்றேன். மனிதர் கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் பதினோரு வருடமாக மாடு, ஆடு பார்க்கிறேன். நரி என்ற பேச்சு வராத வாரம் இல்லை. ஆனால் நரி என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு விலங்குகளை. கூட்டமாக ஊளையிடும், எட்டுப் பத்துக் கிலோ எடை வரும் பொன்னிற நரி ஒன்று. இன்னொன்று இந்தக் குட்டிகளின் இனம். வளர்ந்தாலும் இரண்டிலிருந்து மூன்று கிலோதான், வீட்டுப் பூனையை விட ஒரு சுற்றுப் பெரிது. உடம்பு நீளத்தில் பாதிக்கு மேல் வாலே இருக்கும். குழி தோண்டிக் குடியிருப்பதால் குழிநரி என்பார்கள், குள்ளநரி என்பாரும் உண்டு. சேலம் வாழப்பாடிப் பக்கம் வங்காநரி. சில ஊர்களில் பெரிய நரியையே குள்ளநரி என்று சொல்வதால், பேரைக் கேட்டு முடிவுசெய்ய முடியாது. வாலைப் பார்க்க வேண்டும். இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இந்தச் சின்ன நரி இல்லை.

சரி, நரி ஆட்டைக் கடிக்கிறது என்ற புகாருக்கு வருவோம். "ராத்திரி நரி வந்து பட்டியில ஏழு ஆட்டைக் கடிச்சுப் போட்டுருச்சு" என்று ஃபோன் வரும். போய்ப் பார்த்தால் தொடை கிழிந்து, விலா கிழிந்து, வால் பிய்ந்து கிடக்கும். தின்றது கொஞ்சம், கடித்துப் போட்டது நிறைய. இருபது கிலோ செம்மறியை இரண்டரைக் கிலோ குழிநரி எப்படி இழுத்துப் போடும்? பிரேதப் பரிசோதனையில் தோலை உரித்துப் பல் பதிந்த இடங்களை அளந்து பார்த்தவரைக்கும், எனக்கு வந்த பட்டிக் கேஸ்கள் பெரும்பாலும் நாய்தான். பட்டியோரம் நரியைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. குட்டி போட்ட ஆட்டின் நஞ்சுக்கொடியைத் தின்ன அது வரும், செத்துக் கிடந்தால் வாய் வைக்கும். காலையில் பார்ப்பவர் கண்ணில் படுவது அதுதான். கடித்த நாய் அதற்குள் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும்.

குழிநரி என்னதான் தின்னும்? ராத்திரி முழுக்க அலைந்து வண்டு, வெட்டுக்கிளி, கரையான், எலி, ஓணான் என்று பொறுக்கித் தின்னும். தரையில் முட்டையிடும் பறவைகளின் கூட்டையும் விடாது. இலந்தைப்பழக் காலத்தில் இலந்தை, வேப்பம்பழம் உதிர்ந்தால் வேப்பம்பழம். அதன் விட்டையைக் குச்சியால் கிளறினால் வண்டின் இறக்கை ஓடும் பழக்கொட்டையும் எலி மயிரும்தான் கிடைக்கும். நிலக்கடலை போடுகிறவருக்கு எலி பிடிக்கச் சம்பளமில்லாத ஆள்.

இதற்கு அடர்ந்த காடு வேண்டாம். பரந்த வெளி வேண்டும், கொழுக்கட்டைப்புல் வேண்டும், தோண்டினால் இளகும் மண் வேண்டும். கிளுவை வேலி போட்ட நம்ம கொறங்காடு, அதாவது மாடு ஆடு மேய விட்டிருக்கும் புல்நிலம், அதற்கு ஏற்ற இடம். அதே நிலத்தைச் சும்மா கிடக்கும் தரிசு என்று காகிதத்தில் எழுதிவிட்டு, மேலே சோலார் தகடு பரப்புகிறோம், சைட் பிரிக்கிறோம். சிவகாசிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஏ.ஜே.டி. ஜான்சிங் இந்த நரியின் வாழ்க்கையைக் கவனித்து எழுதிய கட்டுரை 1978இல் வந்தது. புலி, யானை என்று எல்லாரும் மலைக்குப் போகும்போது, ஊர்ப்பக்கத்துப் பொட்டலிலும் பார்க்க விஷயம் உண்டு என்று நினைத்த மனிதர்.

ஆணும் பெண்ணும் ஜோடியாக வாழும். டிசம்பர், ஜனவரியில் சேரும், சினைக்காலம் ஏறக்குறைய ஐம்பது நாள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் இரண்டு முதல் நான்கு குட்டி. தாய் பால் கொடுக்க, தகப்பனும் காவலிருக்கும், இரை கொண்டுவரும். குழிக்குப் பல வாய்கள் இருக்கும், ஒரு வாயில் ஆபத்து என்றால் இன்னொன்றில் வெளியேறிவிடும். தொந்தரவு என்று பட்டால் குட்டிகளைக் கவ்விக்கொண்டு அடுத்த குழிக்குக் குடிபோய்விடும். வருடத்துக்கு வருடம் பழைய குழியையே சீர்செய்து குடியேறுவதும் உண்டு. பெரியவர் தாயைக் காணோம் என்றாரே, பகலில், அதுவும் ஜேசிபி சத்தத்தில், தாய் எப்படி முன்னால் வந்து நிற்கும்? எங்காவது புதருக்குப் பின்னால் பதுங்கிப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். வனத்துறைக்கு ஃபோன் போட்டேன். வனவர் சாயங்காலம் வருவதாகச் சொன்னார். சாக்கை அப்படியே உள்ளறையில் வைத்துவிட்டு ஒரு மாட்டுக்குச் சினை பார்க்கப் போனேன். அதே அறையில் பார்வோ என்ற கழிச்சல் வியாதி வந்த ராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்றுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. ரத்தமும் சளியுமாகக் கழிந்து வைத்திருந்தது. திரும்பி வந்து பார்த்தபோதுதான் உறைத்தது. பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், நாய்க்கு வரும் அந்த வியாதி நரிக்கும் வரும். பாடத்தில் படித்ததுதான், பிறருக்குச் சொல்வதுதான். சாக்கைத் தூக்கி வெளியே வேப்பமரத்தடிக்கு மாற்றினேன். புது அட்டைப்பெட்டி, புதுக் கையுறை, எல்லாம் அப்புறம்தான். பால் மட்டும் கொடுக்கவில்லை. மாட்டுப்பால் கொடுத்தால் கழிச்சல் பிடிக்கும்.

நரிக்கு நாம் செய்யும் கெடுதல்களில் கண்ணுக்குத் தெரியாதது இந்த நாய் வியாதிதான். பார்வோ, மூளை நரம்பையும் தாக்கும் டிஸ்டெம்பர், வெறிநோய் என்கிற ரேபிஸ் மூன்றும் தடுப்பூசி போடாத நாயிடமிருந்து நரிக்குப் போகும். மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் பக்கம் நன்னஜ் புல்வெளியில் காட்டுயிர் ஆய்வாளர் அபி தமிம் வனக்கும் கூட்டாளிகளும் இதே நரியைத்தான் ஆராய்ந்தார்கள். தட்டில் உணவு வைத்துப் பார்த்தார்கள். பக்கத்தில் நாய் இருந்தால் நரி தின்பது குறைந்துவிட்டது, தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. நாய் கடித்துக் கொல்லவே வேண்டாம், சும்மா சுற்றிவந்தாலே அதன் சாப்பாட்டில் மண் விழுகிறது.

ரேபிஸ் பற்றிக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். பட்டப்பகலில் நரி ஊருக்குள் வந்து, ஆளைக் கண்டும் ஓடாமல், தள்ளாடி, எச்சில் ஒழுக நின்றால் கிட்டே போகாதீர்கள், அடிக்கவும் போகாதீர்கள். டிஸ்டெம்பராகவும் இருக்கலாம், அது மனிதருக்கு வராது. ஆனால் எது என்று வெறும் கண்ணால் சொல்ல எனக்கும் தெரியாது. கடித்துவிட்டாலோ கீறிவிட்டாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ரத்தம் வந்த காயமென்றால் தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் போடுவார்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்பக் கூடாது.

காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய், அதாவது இரைக்குள் மறைத்த வெடி, இன்னொரு எமன். அதைக் கடித்துத் தாடை சிதறிய மாடுகளுக்குத் தையல் போட முயன்று தோற்றிருக்கிறேன். மாட்டுத் தாடைக்கே அந்தக் கதி. வாழப்பாடிப் பக்கம் பொங்கலை ஒட்டி வலை கட்டி வங்காநரியைப் பிடித்து, வாயைக் கட்டி, கயிற்றில் ஓடவிடும் வழக்கம் உண்டு. வனத்துறை அபராதம் போட்டும் பல வருடம் நடந்தது. நரி முகத்தில் விழித்தால் நல்லது என்ற நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஜனவரி அதற்குச் சினைக்காலம். பிடித்து மிரட்டிய காட்டு விலங்கு, விட்டவுடன் ஓடிப்போனாலும் இரண்டு மூன்று நாளில் தசை கெட்டுச் சாவதுண்டு. விட்டவர் கண்ணுக்கு அது தெரியாது. நரிக்கொம்பு என்று ஒன்று கிடையாது. நரி மண்டையோட்டில் கொம்பு முளைக்க இடமே இல்லை. தாயத்து வாங்குகிறவர் ஒரு துண்டு எலும்புக்குத்தான் காசு கொடுக்கிறார். வளர்ப்பதும் பிடிப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "ஒண்ண நானே வளத்துக்கறேன்" என்றவரிடம் இதைச் சொன்னபோது, அவர் சாக்கையே என் பக்கம் தள்ளிவிட்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வனவரோடு அந்தக் காட்டுக்குப் போனோம். ஜேசிபியை நிறுத்தியிருந்தார்கள். குழியின் ஒரு பக்கம் இடிந்திருந்தது, மேற்கு வாய் மட்டும் அப்படியே இருந்தது. அதன் முன்னால் பெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, வெள்வேல மரத்தடிக்குப் பின்வாங்கி உட்கார்ந்தோம். பேச்சு இல்லை, பீடி இல்லை. இருட்டி முக்கால் மணி நேரம் ஆனது. குட்டிகள் முனகும் சத்தம் மட்டும். பிறகு வேலியோரம் இரண்டு கண்கள் மின்னின. நேராக வரவில்லை, சுற்றிச் சுற்றி வந்தது. பெட்டியை மோந்தது. பிடரியைக் கவ்வி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வடக்கே போனது. பத்து நிமிடத்தில் இரண்டாவது. மூன்றாவதுக்கு வெகுநேரம் வரவில்லை. நாங்கள் எழுந்துவிடலாமா என்று யோசித்தபோது வந்து எடுத்துப்போனது.

பார்வோ அறையில் ஒரு மணி நேரம் இருந்த குட்டிகள் பிழைத்தனவா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. வண்டியில் ஏறும்போது பெரியவரிடம், "தோட்டத்துல எத்தனை நாய் ஐயா?" என்று கேட்டேன். "மூணுங்க." "ஊசி?" சிரித்தார். அடுத்த புதன்கிழமை இரண்டைக் கயிறு கட்டி இழுத்துவந்து ரேபிஸ் ஊசி போட்டுக்கொண்டு போனார். மூன்றாவது பிடிபடவில்லையாம். சனிக்கிழமை நானே மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனேன், சோற்றுத்தட்டுக்கு வந்தபோது பிடித்தோம்.